கரி கேட்டோம், கர்த்தர் கொடுத்தார்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளுக்கு,

1918ஆம் வருஷம் ஜனவரி மாதம், நியூயார்க் துறைமுகத்தில் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில், நாங்கள் குளிரில் செத்துக்கொண்டிருந்தோம். பேச்சுக்காகச் சொல்லவில்லை. அந்த மாதத்து முதல் இரண்டு வாரத்திலேயே எங்களில் இரண்டு பேர் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். கப்பலில் கரி தீர்ந்துவிட்டது. கரி இல்லாத கப்பல் வெறும் இரும்புப் பெட்டி. சூடு கிடையாது, வெந்நீர் கிடையாது, சோறு ஒரு வேளைதான். குடிதண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிட்டன. நானோ பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். பதினோரு வருஷம் தீயின் முன்னால் நின்று வெந்தவன். அந்த நான், அணைந்துபோன பாய்லரின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிணத்தைத் தொட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டேன்.

இந்தச் சாட்சியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பதினாறு வருஷமாக, ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நான் எழுந்து நின்று சொல்லாத வருஷம் இல்லை. கேட்டதுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் கேட்டதில் ஒன்றை நான் மறைத்துவிட்டேன். வாயால் சொல்லப்போனால் பழக்க தோஷத்தில் மறுபடியும் அதைத் தாண்டிக் குதித்துவிடுவேன். அதனால்தான் போதகர் ஐயாவிடம் கேட்டு, நம் சபைப் பத்திரிகையில் இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன்.

என் தங்கை எஸ்தரின் புருஷன் மாசிலாமணி. இரண்டு பாதமும் இல்லாமல் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான் தள்ளினார். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும். அவற்றுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் கனத்த படகுதான் தொங்கான். காலையிலிருந்து சாயந்திரம் வரை வெறுங்காலோடு அந்தப் பலகையில் நிற்க வேண்டும். மாசிலாமணியின் பாதம் வாத்துக்காலாக அகன்றுபோயிருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடு காலுக்குள் போகாமல், மாப்பிள்ளை வெறுங்காலோடுதான் கோவிலுக்குள் வந்தார். நாங்களெல்லாம் சிரித்தோம்.

1917 அக்டோபரில் என் கப்பல் பினாங்கில் ஈயமும் ரப்பரும் ஏற்றிக்கொண்டிருந்தது. பாய்லர் அறையில் இரண்டு பேர் மலேரியாவில் விழுந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத் தலைவரைக் கப்பலில் சாராங்கு என்போம். சூலியா தெருவில் குடும்பம் வைத்திருந்த வயதான முஸ்லிம் மனிதர். அவர் ஆள் தேடினார். யுத்த காலம் என்பதால் இரட்டைச் சம்பளம். நான் நேரே ஜெலுத்தோங்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய் மாசிலாமணியைக் கேட்டேன். அவருக்கும் ஆசைதான். எஸ்தர் கைக்குழந்தையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவர விட்டுடு அண்ணே. கடல் அவருக்கு ஒத்துக்காது."

"தொங்கான்ல நாள் பூரா கடல்லதானே கெடக்காரு?"

"அது கரை தெரியுற கடல்."

எனக்கு முன்கோபம் அதிகம், உங்களுக்குத் தெரியும். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். பிறகு சமாதானமாக, "உன் புருஷன் என் பொறுப்புலா. நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றேன். மறுநாள் கப்பல் ஏறினோம்.

கொழும்பு தொட்டு, ஆப்பிரிக்காவின் கேப் முனையைச் சுற்றி டிசம்பர் நடுவில் நியூயார்க் போய்ச் சேர்ந்தோம். முதல் பனி விழுந்தபோது மாசிலாமணி மேல்தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "மச்சான், ஆயர் பாத்து மேலருந்து கொட்டுது" என்றார். நம் ஊரில் ஐஸ்கட்டிக்கு அதுதானே பெயர். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அன்றைக்குத்தான் அந்த ஊரில் கடைசியாகச் சிரித்தோம்.

சரக்கை இறக்கியதும் கப்பலை வெளியே இழுத்துக்கொண்டுபோய் நங்கூரம் போட்டார்கள். திரும்பி வரக் கரி ஏற்ற வேண்டும்; வரிசையில் எங்களுக்கு முன்னால் எத்தனையோ கப்பல்கள். மேல் அதிகாரிகள் கரையில் ஓட்டலில் தங்கிக்கொண்டார்கள். எங்களை இறங்க விடவில்லை. எங்களில் ஒருவன் ஓடிப்போனாலும் கப்பலுக்கு அபராதமாம். மலாய் தெரிந்த ஓர் இளைய வெள்ளைக்கார அதிகாரி மட்டும் எங்களோடு இருந்தார். அவர் நல்லவர். கம்பெனி இரண்டு பேருக்கு ஒன்று என்று கம்பளிக் கோட்டுக் கொடுத்தது. மாசிலாமணிக்குக் கொடுத்த பூட்ஸ் அவர் கட்டைவிரலைத் தாண்டி ஏறவில்லை. கோணிச் சாக்கைக் கிழித்து முழங்கால் வரைக்கும் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டார்.

வருஷக் கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு குளிர். பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே பதின்மூன்று டிகிரி என்று அந்த அதிகாரி பத்திரிகை பார்த்துச் சொன்னார். அந்த ஊரில் குளிரை அளந்து எழுதி வைக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லையாம். நாங்கள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கிழட்டுக் காவல்காரரைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். அவர் தம் வாலிபத்தில், 1888 மார்ச்சில் அடித்த பனிப்புயலைப் பற்றிச் சொல்வார். வீடுகளின் மாடி ஜன்னல் வரை பனி குவிந்ததாம். வேலைக்குப் போனவர்கள் தெருவிலேயே விழுந்து செத்தார்களாம். "அது மூன்று நாளில் போய்விட்டது. இது உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது" என்று அவர் சொன்னதை அதிகாரி எங்களுக்கு மலாயில் சொன்னார்.

கரி இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அக்கரையில் ரயில் ரயிலாகக் கரி வந்து நின்றது. அதைக் கொண்டுவர வேண்டிய படகுகள் ஆற்றிலும் துறைமுகத்திலும் ஐஸில் மாட்டிக்கொண்டன. எங்கள் கப்பலிலிருந்து பார்த்தால், வெள்ளை வெளியில் கறுப்புக் கறுப்பாக அந்தப் படகுகள் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற கரிக்காக இரண்டு பேரைப் பறிகொடுத்தோம். ஒருவர் நாகூர்ப் பக்கத்துக்காரர், இன்னொருவர் பினாங்கில் பிறந்த பையன். சாராங்கு தொழுகை நடத்தினார். ஒரு சின்ன நீராவிப் படகு ஐஸை உடைத்துக்கொண்டு வந்து உடல்களை எடுத்துப் போயிற்று. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆட்களில் நாங்கள் இரண்டு பேர்தான் கிறிஸ்தவர்கள். அணைந்த பாய்லருக்கு முன்னால் இரும்புத் தகட்டில் முழங்கால் போட்டோம். மூன்று நாள் உபவாச ஜெபம். சோறே அரை வயிற்றுக்குத்தான் என்பதால் உபவாசம் அப்படியொன்றும் பெரிய காரியமாக இல்லை. நான் ஆண்டவரிடம் பக்தியாகப் பேசவில்லை. சண்டை போட்டேன். "கரியைக் கொடும். என் தங்கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும், கரியைக் கொடும்" என்று இதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். மாசிலாமணி தம் பிள்ளையின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாராங்கு இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"நல்லாக் கேளுங்க தம்பி. நாங்களும் மேல கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். கேக்குறவன் ஒருத்தன்தானே" என்றார்.

அடுத்த நாள் காலை அதிகாரி பத்திரிகையோடு ஓடி வந்தார். அமெரிக்க அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. நாட்டின் கிழக்குப் பாதி முழுவதும் ஆலைகளை ஐந்து நாளைக்கு மூட வேண்டும். அவை எரிக்கிற கரி வீடுகளுக்கும், துறைமுகத்தில் காத்துக் கிடக்கிற கப்பல்களுக்கும் போக வேண்டும். நான் அங்கேயே விழுந்து அழுதேன். பினாங்கிலிருந்து வந்த இரண்டு பேர் முழங்காலில் நின்றதற்காக, ஒரு தேசத்தின் ஆலைகளையெல்லாம் ஆண்டவர் பூட்டினார் என்று எத்தனை முறை உங்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன். அதை இன்றைக்கும் நம்புகிறேன். படித்தவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதுவரைக்கும் நீங்கள் கேட்டதுதான். இனி வருவதைச் சரியாகப் படியுங்கள்.

நாலைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கரிப்படகு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் ஒட்ட முடியவில்லை, நடுவில் ஐஸ். ஆட்கள் இறங்கிக் கடப்பாரையால் உடைத்து, கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டும். படகுவிட்டுப் படகு தாண்டிப் பழகியவர் மாசிலாமணி. அவரே முதலில் இறங்கினார். உடைந்த ஐஸில் ஒரு கால் உள்ளே போய், முழங்கால் வரை நனைந்துவிட்டது. பிறகு அடுத்த காலும். ஏறி வரச் சொன்னேன். "இப்ப விட்டா படகு வேற கப்பலுக்குப் போயிடும் மச்சான்" என்று அங்கேயே நின்றார். மூன்று மணி நேரம் நின்றார். அவர் நின்றதால்தான் அன்றைக்கு எங்களுக்குக் கரி ஏறிற்று. இதையும் நான் சரியாகச் சொன்னதில்லை. கர்த்தர் அனுப்பினார் என்று சொன்னேனே தவிர, மாசிலாமணி இழுத்தார் என்று சொன்னதில்லை.

மத்தியானம் நாங்கள் படுக்கிற அறையில் இருந்த இரும்பு அடுப்பை நான்தான் பற்ற வைத்தேன். அது சிவந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம். மாசிலாமணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்தேன். கோணி காலோடு ஒட்டி உறைந்திருந்தது. கத்தியால் அறுத்து எடுத்தேன். பாதம் இரண்டும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து, தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

நம் வீட்டில் கால் மரத்துப்போனால் என்ன செய்வோம்? உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்போம். செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைப்போம். பிள்ளைப்பேற்றுக்கும் அதுதான், வாதத்துக்கும் அதுதான். அதைத்தான் நானும் செய்தேன். உப்பு மூட்டையை அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கி, அப்படியே அவர் உள்ளங்காலில் அழுத்தினேன். பனியில் கெட்டித்துப்போன சதைக்குச் சுடுவது தெரியாது, வேகுவதும் தெரியாது. இது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பினாங்கில் பிறந்த எனக்குத் தெரியாது.

தெரியாமல் செய்தேன் என்றுகூடத் தப்பிக்க முடியாது. அந்தக் கிழட்டுக் காவல்காரர் எட்டிப் பார்த்தார். பதறிப்போய் வந்து என் கையைப் பிடித்தார். அடுப்பைக் காட்டி, காலைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் எங்களைக் காவல் காத்தவன், இப்போது என் மாப்பிள்ளைக்குச் சூடு காட்டவும் விடமாட்டேன் என்கிறானே என்று நினைத்தேன். "தீயைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று தமிழிலேயே கத்தி, அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

பிறகு துதிப்பாட்டுப் பாடினேன். பாடிக்கொண்டே செய்தேன்.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"ஒண்ணும் தெரியல மச்சான். இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க."

கிட்டே வைத்தேன். பாதம் இரண்டையும் அடுப்பின் இரும்பிலேயே ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் இருக்கும். சாராங்கு உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை தம்பி அது?" என்றார். கோணி கருகுகிறது என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

சாயந்திரம் சூடு உள்ளே இறங்கி உணர்ச்சி வந்தபோது மாசிலாமணி போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு அந்த இளைய அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அதிகாரி என்னிடம் மலாயில் கேட்டார். "இது குளிரால் மட்டும் வந்ததில்லை, வெந்திருக்கிறது என்கிறார். யார் சூடு வைத்தது?" உத்தரவாதம் சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்ன பதில் இது: "அவரே அடுப்பில் கால் வைத்துத் தூங்கிவிட்டார்." உள்ளே வேதனையில் கிடந்தவர் மேலேயே பழியைப் போட்டேன். முந்தின நாள்தான் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டிருந்தார்.

இரண்டு பாதத்தையும் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஜுரம். ஆறு நாள் நினைவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ஆறு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் அதிகாரி வாங்கித் தந்த அனுமதியோடு உட்கார்ந்து ஜெபித்தேன். ஆண்டவரோடு சண்டை போட வாய் வரவில்லை. "என்னை எடுத்துக்கொள்ளும்" என்றேன். அவர் என்னை எடுக்கவில்லை. மாசிலாமணியைத் திருப்பிக் கொடுத்தார். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அதுவும் ஜெபத்துக்குப் பதில்தான். அதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

ஜூன் மாதம் பினாங்கு வந்தோம். சம்பான் படகிலிருந்து அவரை முதுகில் சுமந்துகொண்டு படியேறினேன். எஸ்தர் பிள்ளையோடு நின்றாள். அவள் அழவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"யாரு பண்ணது அண்ணே?"

"குளிரு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் பதினாறு வருஷம் குடியிருந்தேன் பிரியமானவர்களே. அடுத்த ஜனவரியில் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பனி பாதத்தை எடுத்தது, கர்த்தர் உயிரைக் கொடுத்தார் என்றேன். எல்லோரும் அழுதீர்கள். அதற்குப் பிறகு பட்டர்வொர்த்தில் கூப்பிட்டார்கள், தைப்பிங்கில் கூப்பிட்டார்கள், ரப்பர்த் தோட்டங்களில் கூப்பிட்டார்கள். "அமெரிக்கா அண்ணன்" என்று பேர் வந்தது. போகிற இடமெல்லாம் கோழிக் குழம்பு. நானும் சளைக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் என் சாட்சியில் பனி ஒரு முழம் உயர்ந்தது. அடுப்பு பற்றிய இடத்தைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். சிவந்த அடுப்பின் முன்னால் அவர் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நான் பாட்டுப் பாடியதைச் சொல்லுவேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். முன்வரிசையில் மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டிருப்பார். ஜெபிக்கிறார் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் நியூயார்க்கில் அதையும் மிஞ்சிய குளிர் என்று பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த யாரோ, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்கு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மார்ச்சில் போனேன். கூட்டம் முடிந்ததும், பால்மரம் வெட்டி ரப்பர் எடுக்கிற ஒருவருக்காக ஜெபிக்க, வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வருஷக்கணக்காக அவருக்குப் பாதம் மரத்துக் கிடக்கிறதாம். நாங்கள் போனபோது அவர் மனைவி அடுப்பில் வாணலியை வைத்து உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி விரித்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணே, பாட்டுப் பாடிக்கிட்டே ஒத்தடம் குடுக்கப் போறேன். ஆண்டவர் அவர் காலுக்கும் உசுரு குடுப்பாருல்ல" என்றாள்.

நான் வாணலியை எட்டி உதைத்தேன். உப்பு வீடு முழுக்கச் சிதறிற்று. அந்தப் பெண் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மரத்த காலுக்குச் சூடு வைக்காதே அம்மா, வெந்துபோகும்" என்றேன். "அப்ப உங்க மாப்பிள்ளைக்கு வச்சீங்களே?" என்று கேட்டாள். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஜெபம் பண்ணாமல் வெளியே வந்துவிட்டேன். இன்னும் எத்தனை வீட்டில் என் சாட்சியைக் கேட்டுவிட்டு உப்பு வறுத்தார்களோ, எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் நேரே மாசிலாமணியிடம் போனேன். ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து கோணிப்பை தைக்கிறார். பதினைந்து வருஷமாக அதுதான் பிழைப்பு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"தெரியும் மச்சான்" என்றார். "டாக்டர் என்னையும் கேட்டாரு. நீயே தூங்கிட்டியாமே, நெசமான்னு மலாய் பேசுற அந்த வெள்ளைக்காரத் துவான் வந்து கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன் மாப்ளே?"

"எனக்கு ஊருக்கு வரணும். அந்த ஊர்ல என்னைத் தூக்கிட்டு வர உங்கள விட்டா யாரு இருந்தா?"

அன்பினால் மன்னித்தேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். தைத்துக்கொண்டே மேலும் சொன்னார்: "வருஷா வருஷம் நீங்க எந்திரிச்சுப் பேசுறப்போ, இந்த வருஷமாச்சும் சொல்லுவாரான்னு குனிஞ்சு உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பனிதான் ஒசந்துக்கிட்டே போச்சு."

எஸ்தரிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றார். அன்றைக்குச் சாயந்திரமே போனேன். காலை வியாபாரத்துக்கு ஆப்பமாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உட்கார்ந்து தைக்க, இவள் நின்று சுட, அப்படித்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை கையை மாவிலிருந்து எடுக்கவில்லை.

"பதினாறு வருசமா அந்த ஊரையும் அந்தக் குளிரையும் திட்டாத நாள் இல்ல அண்ணே" என்றாள். "கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்குற ஊருதானேன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு, நான் சுட்ட ஆப்பத்தைத் தின்னுக்கிட்டு இருந்திருக்க."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "இனிமே இங்க வராத" என்றாள். சத்தம் போடவில்லை. நான் வந்துவிட்டேன். ஆறு மாதம் ஆகிறது. சபையில் அவள் என்னைப் பார்ப்பதில்லை. மாசிலாமணியோடும் பேச்சு குறைந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். மறைத்தவர்கள் இரண்டு பேர் என்று அவள் கணக்கு. அதுவும் நியாயம்தான்.

இதிலே எங்கே இருக்கிறது ஸ்தோத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. கரி வந்தது, அது அவர் கொடுத்தது. மாசிலாமணி பிழைத்தார், அதுவும் அவர் கொடுத்தது. தோட்டத்தில் அந்த மனிதரின் கால் வேகாமல் தப்பிற்று. என்னை அந்த நேரத்துக்கு அந்த வாசலில் நிறுத்தியவர் அவர்தான். பாதத்தை எடுத்தது நான். இந்தக் கடைசி வரியைச் சேர்க்காமல் மற்றதையெல்லாம் சொன்னது, அவர் கொடுத்த நெருப்பைக்கொண்டு நான் இரண்டாம் முறை செய்த பாவம். இனி ஜனவரி கடைசி ஞாயிறு நான் எழுந்து நிற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கூப்பிடுகிற தோட்டங்களுக்குப் போகிறேன். முதலில் மரத்த காலுக்குச் சூடு வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் ஜெபத்தைப் பற்றிப் பேச்சு. கோழிக் குழம்பு குறைந்திருக்கிறது.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டாவது, சண்டை போட்டுக்கொண்டாவது கேளுங்கள். பதில் வந்த பிறகு, அதைக் கையில் வாங்கி நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் சொல்லுங்கள். என்னைப்போல் பதினாறு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

எஸ்தருக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் மாசிலாமணிதான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் எனக்காக ஒரு முறை பொய் சொன்னீர்கள். இதைப் படிக்கும்போது எனக்காக ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள்.